தங்கை கடைக்கு வழி

வெர்னாவுக்குத் தங்கை மேல் பொறாமை என்பது நியூ ஐபீரியா ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் வெர்னா ஒருத்திதான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நன்றாகக் கிளறப்பட்டது. தேவாலயப் பூசை முடிந்து எல்லோரும் அம்மா யூலாவின் வீட்டில் சோறும் மாட்டிறைச்சிக் குழம்பும் சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, வழக்கம்போலச் சீட்டாட உட்கார்ந்திருந்தார்கள். தம்பி நோலன் கடலிலுள்ள எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். கையிலிருந்த சீட்டை அடுக்கிக்கொண்டே தங்கை கொலெட் சொன்னாள்.

"நான் ஒரு தொழில் ஆரம்பிக்கப் போறேன்."

வெர்னா கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தத் தடவை என்ன? மறுபடியும் கேக் கடையா, இல்ல முடி வெட்டுறதா?"

"மருந்து. மொத்த வியாபாரம். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத சரக்குதான். சின்னச் சின்ன மருந்துக் கடைங்களுக்கும் கிளினிக்குங்களுக்கும் சப்ளை."

வெர்னாவின் கை அப்படியே நின்றது.

மருந்து மொத்த வியாபாரம் அவளுடைய இடம். பக்கத்து ஊரான லஃபயெட்டில் இருக்கும் ஸ்டெல்லி மருந்துக் கிடங்கில் அவள் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். மாநிலம் கொடுக்கும் உரிமத்தில் முதலாளி பெயருக்குக் கீழே பொறுப்பாளர் என்று ஒரு வரி உண்டு. சரக்கு எங்கிருந்து வந்தது, எந்தக் குளிரில் இருந்தது, யார் கைக்குப் போனது என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்தப் பெயருக்கு உரியவர். அந்த வரியில் வெர்னா பெயர் இருந்தது. உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவள் தினமும் காலையில் பையை வைப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அந்தப் பக்கத்தில் நிலம் இருப்பவர்கள் ஏராளம், படகு இருப்பவர்கள் அதைவிட ஏராளம். உரிமத்தில் பெயர் இருப்பவர்கள் சிலர்தான்.

கொலெட்டுக்கு மற்றதெல்லாம் இருந்தது. அழகு இருந்தது. சிரித்தால் முன்னால் நிற்பவர்களும் சேர்ந்து சிரிக்கும் முகம். பதினெட்டு வயதில் கரும்புத் திருவிழாவுக்கு ராணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அந்த ஆடையின் நீண்ட வாலில் ஜிகினா தைத்தது வெர்னா. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புண்ணாகி, ஊர்வலத்தன்று கைதட்டக்கூட முடியாமல் தெருவோரம் நின்றாள். வண்டியின் மேலிருந்து கொலெட் கையசைத்தாள். வெர்னாவைப் பார்த்து அசைத்தாளா, ஊரைப் பார்த்து அசைத்தாளா என்பது வெர்னாவுக்கு இன்றுவரை தீராத சந்தேகம். கொலெட் கல்யாணம் செய்தாள், கார் விற்கிற புருஷன் விட்டுப் போனான், எடுத்த தொழிலையெல்லாம் பாதியில் போட்டாள். ஆனாலும் அம்மா கோழியை வெட்டினால் நெஞ்சுக்கறி அவள் தட்டுக்குத்தான் போனது.

"அதுக்கெல்லாம் அனுபவம் கேப்பாங்க," என்றாள் வெர்னா.

"எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில மருந்து கொள்முதல் பாத்தேன்ல? அத ஒத்துக்கிட்டாங்க."

"பரீட்சை இருக்கு."

"எழுதிட்டேன். தொண்ணூத்தாறு."

வெர்னா அந்தப் பரீட்சையை இரண்டாம் தடவைதான் தாண்டினாள். இது அந்த மேசையில் யாருக்கும் தெரியாது. அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"ஜாமீன் பத்திரம் தரணுமே. லட்சம் டாலருக்கு."

"ஜாமீன்னா இன்சூரன்ஸ் மாதிரிதானே?" என்று நோலன் கேட்டான்.

வெர்னாவுக்குப் பிடி கிடைத்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இல்லடா. இன்சூரன்ஸ்னா வீடு எரிஞ்சா அவன் குடுத்துட்டுப் போயிடுவான். ஜாமீன் கம்பெனி அப்படி இல்ல. இவ தப்பு பண்ணி மாநிலம் அபராதம் போட்டா, அவன் முதல்ல கட்டிடுவான். அப்புறம் இவ வாசல்ல வந்து நிப்பான். இவகிட்ட இல்லன்னா, இவளுக்காகக் கையெழுத்துப் போட்டவங்க வாசல்ல நிப்பான். கடன் கட்டறதுல இவளுக்கு இருக்கற பேருக்குத் தனியாக் கேட்டா எவனும் தரமாட்டான். யாராவது சொத்துள்ளவங்க கூட நிக்கணும். யாரு அந்த முட்டாள்?"

நோலன் கூரையைப் பார்த்தான்.

"போட்டாச்சு, ஷா," என்றாள் அம்மா. அவளுக்குச் செல்லமாக இருந்தாலும் சமாளிப்பாக இருந்தாலும் எல்லோரும் 'ஷா'தான். "வியாழக்கிழமையே போட்டாச்சு. நானும் நோலனும்."

"இந்த வீட்டையா?"

"வீடு எங்கயும் போகல. இங்கதான் இருக்கு. நீ சீட்டப் போடு."

திரும்பும் வழியில் கரும்புத் தோட்டங்களில் சருகைக் கொளுத்தியிருந்தார்கள். சாலையெல்லாம் புகை. வெர்னாவின் கணவன் பெர்சி சர்க்கரை ஆலையில் மெக்கானிக். அறுவடைக் காலத்தில் அவனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. அந்த ஒருநாளும் இப்படிப் போகிறதே என்ற வருத்தம் அவனுக்கு. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னான்:

"உள்ளயும் புகையாத்தான் இருக்கு. காட்டுல வர்றதா, உன் காதுல வர்றதா?"

"சும்மா ஓட்டுங்க."

"சரி, ஒண்ணு கேக்கறேன். உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குக் கோவம்?"

"கேக்கல இல்ல! அம்மாவக் கேட்டிருக்கா, நோலனக் கேட்டிருக்கா. இந்தத் தொழில்ல இருக்கற ஒரே ஆளு நான். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?"

"கேட்டா மாட்டேன்னிருப்ப."

"அத நான் சொல்லியிருக்கணும்ல!"

பெர்சி ரேடியோவைத் திருகினான். முப்பது வருடக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்ட வித்தை அது.

ஜனவரியில் கொலெட்டின் கிடங்கு திறந்தது. ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், முன்பு இறால் வலை விற்ற தகரக் கட்டடம். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அம்மா புது உடுப்பில் வாசலிலேயே நின்று வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். வெர்னா ஒரு பூந்தொட்டியைக் கொடுத்துவிட்டு, இடத்தைச் சுற்றிப் பார்க்கிற பாவனையில் குற்றம் தேடினாள். வெப்பமானி ஒன்றுதான் வைத்திருப்பாள் என்று நினைத்தாள். கூரைக்கடியில் ஒன்று, தரையருகே ஒன்று, குளிர்ப்பெட்டிக்குள் தனியாக ஒன்று இருந்தன. திரும்பி வந்த சரக்கையும் சந்தேகச் சரக்கையும் பூட்டி வைக்கக் கம்பிக்கூண்டு இருக்காது என்று நினைத்தாள். இருந்தது, பூட்டும் இருந்தது. ஸ்டெல்லியின் கிடங்கில் அந்தக் கூண்டுக்குப் பூட்டு போடச் சொல்லி அவள் முதலாளியிடம் மூன்று வருடம் மன்றாடியிருக்கிறாள். சுவரில் புது உரிமம். உரிமையாளர் கொலெட். பொறுப்பாளரும் கொலெட். இரண்டு வரியிலும் ஒரே பெயர்.

"எப்படி இருக்கு?" என்று கொலெட் தோளில் கை போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. கோடையில தகரக் கூரை சுடும்."

"ஏசி ரெண்டு போட்டிருக்கேன்."

"கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் பின்னாடி இருக்கு. வா, காட்டறேன்."

வெர்னா பின்னால் போகவில்லை. தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைவலி பொய்யும் இல்லை.

அடுத்த மாதமே அப்வில்லில் மருந்துக்கடை வைத்திருக்கும் மிஸ் ஹேசல் ஸ்டெல்லியிடம் வாங்குவதை நிறுத்தினாள். வெர்னாவிடம் பதினைந்து வருடம் வாங்கியவள். வெர்னா அவளைக் கூப்பிட்டு விலையில் குறையா என்று கேட்டாள். "விலையெல்லாம் ஒண்ணுதான் மிஸ் வெர்னா. உங்க தங்கச்சி நேர்ல வந்து பேசினா. என்ன கலகலப்பு! என் மூட்டுவலிக்குக்கூட ஏதோ சொல்லிட்டுப் போனா," என்றாள் மிஸ் ஹேசல். அந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண்களையும் மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருடத்தில் வெர்னா மிஸ் ஹேசலுக்கு ஒரு சரக்கைக்கூட மாற்றி அனுப்பியதில்லை. மூட்டுவலியைப் பற்றித்தான் கேட்டதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் டுவைட் வந்தான்.

முதலாளி ஸ்டெல்லிக்கு வயதாகிவிட்டது. மிஸ்டர் ஆல்சீட் என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் மனிதர். மத்தியானத்துக்கு மேல் மீன்பிடிக் குடிலுக்குப் போய்விடுவார். வியாபாரத்தை மகன் பிராண்ட் பார்த்துக்கொண்டான். வேறு மாநிலத்திலிருந்து வருகிறேன் என்று டுவைட் அறிமுகம் செய்துகொண்டான். மடிப்புக் கலையாத சட்டை, வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய்ப் பெட்டி. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான விலையுயர்ந்த மாத்திரைகளைச் சந்தை விலையில் பாதிக்குத் தருவதாகச் சொன்னான். ஒரு பெரிய கம்பெனி இழுத்து மூடுகிறது, சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று கதை. மாதிரிக்குச் சில புட்டிகளைக் கொண்டுவந்திருந்தான்.

வெர்னா ஒரு புட்டியை எடுத்து மூக்கருகே வைத்தாள். சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற எண்ணெயின் வாடை. கட்டைவிரலால் தடவினாள். புட்டியின் ஒரு பக்கம் லேசாகப் பிசுபிசுத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஏழை நோயாளி கைச்செலவுக்காகத் தன் மருந்தை விற்றிருக்கிறான். மருந்துக்கடை ஒட்டிய அவன் பெயர்ச் சீட்டை எண்ணெய் தடவி உரித்திருக்கிறார்கள். எந்தக் காரின் வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ? உள்ளே அதே மாத்திரைதான் இருக்கிறதா என்று யார் கண்டது?

"இது வேண்டாம்," என்றாள்.

"பேப்பரெல்லாம் சரியா இருக்கே, மிஸ் வெர்னா," என்றான் பிராண்ட்.

"பேப்பருக்கு வாசனை கிடையாது. புட்டிக்கு இருக்கு. நான் இத உள்ள விடமாட்டேன்."

பிராண்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனான். டுவைட் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே புட்டிகளைப் பெட்டியில் அடுக்கினான். வெர்னா கடமையாக வாசல்வரை போனாள், அவன் ஒழிகிறானா என்று பார்க்க. வண்டிக் கதவைத் திறந்தவன் திரும்பினான்.

"நியூ ஐபீரியாவுல யாரோ ஒரு அம்மா புதுசாத் திறந்திருக்காங்களாமே. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர்களும் இதை வாங்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சமயத்தில் வெர்னாவின் மனதில் இருந்தது மிஸ் ஹேசலின் குரல்: என்ன கலகலப்பு! இவனும் கலகலப்பான ஆள்தான், இரண்டு பேரும் பேசட்டுமே, தொண்ணூற்றாறு வாங்கியவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்போமே. அவள் அதை யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாக எழுந்து தெற்கே காட்டியது.

"நெடுஞ்சாலையிலேயே போங்க. ஊருக்குள்ள போய் ஆத்துப் பாலம் தாண்டினதும் இடது கைப்பக்கம். தகரக் கட்டடம். பச்சைக் கதவு."

"புண்ணியவதி," என்று தொப்பியைத் தொட்டுவிட்டு அவன் போனான்.

அன்று வெர்னாவுக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. மாலையில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பெர்சி ஆச்சரியமாகப் பார்த்தான். மறுநாள் இனிப்பு குறைந்தது. வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் எல்லோரும் மீன் வறுவல் சாப்பிடும்போது அம்மா எதிரே உட்கார்ந்து, "பின்கட்டுக் கூரைய மாத்தணும் ஷா, மழை ஒழுகுது," என்றாள். எந்தக் கூரை? ஜாமீனில் இருக்கிற கூரை. கொலெட் அந்தச் சரக்கை வாங்கி, அது ஏதோ ஒரு நோயாளியின் வயிற்றில் போய், மாநிலத்து ஆட்கள் கண்டுபிடித்தால், ஜாமீன் கம்பெனிக்காரன் வந்து நிற்கப்போவது அந்த ஒழுகுகிற பின்கட்டில்தான். வெர்னா தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. கொலெட் கால்சட்டையை மடித்துவிட்டு ஏணிமேல் நின்று அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொலெட், ஒருத்தன் வந்தானா? டுவைட்னு?"

"ஐயோ, அவனா!" கொலெட் ஏணியிலிருந்து குதித்தாள். "உக்காரு, உக்காரு. நானே உன்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். பாதி விலைக்கு மாத்திரை. மிட்டாய்ப் பெட்டி வேற. தேனா ஒழுகினான். நானும் சிரிச்சேன், காப்பி போட்டுக் குடுத்தேன், ஒரு புட்டிய மட்டும் வச்சுட்டுப் போங்க, யோசிச்சுச் சொல்றேன்னேன். அவன் தெரு முனை திரும்பறதுக்குள்ள மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டுட்டேன். நேத்து ஒரு ஆய்வாளர் வந்து புட்டிய எடுத்துட்டுப் போனாங்க. லவோன்னு பேரு. நல்ல வேலை பண்ணீங்கன்னு கையக் குலுக்கினாங்க!"

வெர்னா உட்கார்ந்தாள். தப்பித்தது அம்மா வீடு. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அதன் பின்னாலேயே பழைய நெருப்பு வந்தது. இதையும் சரியாகச் செய்துவிட்டாளா? கையைக் குலுக்கினார்களா? வெர்னா இத்தனை வருடத்தில் எத்தனை கள்ளச் சரக்கை வாசலோடு திருப்பியிருக்கிறாள்! ஒருவர் வந்து கை குலுக்கியதுண்டா? போன் போட வேண்டும் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது, தனக்குத் தோன்றவில்லையே!

"வாடைய வச்சுக் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டாள்.

"வாடையா? எனக்கு ஜலதோஷம். ஒரு வாடையும் தெரியல." கொலெட் சிரித்தாள். "உன்னாலதான் கண்டுபிடிச்சேன்."

"என்னாலயா?"

"உன் பேரச் சொன்னான், திருட்டுப்பய. ஸ்டெல்லி கிடங்குல மிஸ் வெர்னாதான் உங்களப் பாக்கச் சொன்னாங்க, வழியெல்லாம் சொல்லி அனுப்பினாங்கன்னான். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவன் புளுகன்னு. நல்ல சரக்கா இருந்தா வெர்னா அங்கயே வாங்கியிருப்பா. கெட்ட சரக்கா இருந்தா என் வாசலுக்கு அனுப்புவாளா? எங்க அக்காவப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்."

காப்பி வேண்டுமா என்று கொலெட் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெர்னா எழுந்து வந்தாள். திரும்பும்போது, உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்றும், சொல்ல என்ன இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினாள்.

ஈஸ்டர் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வாளர் லவோன் இரண்டு ஆட்களோடு ஸ்டெல்லி கிடங்குக்குள் நுழைந்தாள். உயரமான கறுப்பினப் பெண்மணி, குரலை உயர்த்தாமல் பேசுகிறவள். டுவைட்டைப் பிடித்துவிட்டார்கள். அவன் யார் யாருக்கு விற்றான் என்று பார்த்தபோது அதில் ஸ்டெல்லி பெயர் இருந்தது. வெர்னா வேண்டாம் என்று சொன்ன அதே நாள் சாயங்காலம், அவள் வீட்டுக்குப் போனபிறகு, பிராண்ட் அவனைத் திரும்பக் கூப்பிட்டு முழுச் சரக்கையும் வாங்கியிருந்தான். பாதி ஏற்கனவே ஹூஸ்டனுக்குப் போய்விட்டது. மீதி பழைய லாரிக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் இருந்தது.

சுவரிலிருந்த உரிமத்தை லவோன் கழற்றினாள். கண்ணாடிக்குள் வெர்னாவின் பெயர் கவிழ்ந்து போனதை வெர்னா பார்த்தாள்.

அன்று மத்தியானம் பிராண்ட் அவளைத் தனியாகப் பிடித்தான். "மிஸ் வெர்னா, நீங்க பாத்துதான் ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்லிடுங்க. தெரியாமத் தவறிப்போச்சுன்னா சின்ன அபராதத்தோட விடுவாங்க. திருட்டுத்தனம்னா ஜாமீன் முழுசாப் போயிடும். அப்பா தாங்கமாட்டாரு."

"உங்கப்பாவுக்காகத்தான் பத்தொன்பது வருஷம் நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தேன். இப்ப வேணும்னு சொல்லச் சொல்றீங்களா?"

"உங்க தங்கச்சி போட்ட போனாலதான் இவ்வளவும். தெரியுமில்ல?"

தெரியும். அது அவள் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது. தங்கை கடை திறந்தாள், மிஸ் ஹேசலை எடுத்தாள், இப்போது வேலையையும் எடுத்துவிட்டாள் என்று அந்த வாரம் முழுவதும் மனம் பல்லவி பாடியது. பெர்சியிடம் சொன்னபோது அவன், "பிராண்ட் வாங்கின சரக்குக்குக் கொலெட் எப்படிப் பொறுப்பு?" என்று கேட்டான். பொறாமைக்கு எந்தக் காலத்தில் கணக்குத் தெரிந்தது?

ஜூன் மாதம் மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் விசாரணை. நீண்ட மேசைக்குப் பின்னால் உரிமம் கொடுக்கும் வாரியத்துக்காரர்கள். பிராண்ட் ஏற்கனவே வக்கீல் மூலம் ஒப்புக்கொண்டிருந்தான். கேள்வி இனி வெர்னாவைப் பற்றித்தான்: பொறுப்பாளருக்குத் தெரியுமா, தெரியாதா? கொலெட் சாட்சியாக வந்திருந்தாள். தன் முறை முடிந்தும் போகாமல், அக்காவுக்குத் துணையாகப் பின் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

வெர்னா நடந்ததைச் சொன்னாள். வாடை, பிசுபிசுப்பு, வேண்டாம் என்றது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலைவர் தலையாட்டினார். அப்போது லவோன் கையிலிருந்த தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"டுவைட் தன் வாக்குமூலத்துல ஒண்ணு சொல்லியிருக்கான் மேடம். நீங்கதான் உங்க தங்கச்சி கிடங்குக்கு வழி சொல்லி அனுப்பினீங்களாம். பாலம், தகரக் கட்டடம், பச்சைக் கதவுன்னு. பல பொய் சொன்னவன். இதுவும் பொய்தானே?"

வெர்னா திரும்பிப் பார்த்தாள். கொலெட் பின் பெஞ்சில், 'பொய், சுத்தப் பொய்' என்கிற மாதிரி வேகமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டித் தைரியம் சொன்னாள். 'ஆமாம், பொய்' என்று சொன்னால் அந்த அறையில் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். ஒருத்தி ஏற்கனவே நம்பிக்கொண்டிருந்தாள்.

"பொய் இல்ல," என்றாள் வெர்னா.

"புரியல மேடம்."

"நான்தான் வழி சொன்னேன். அது திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். உங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும், பண்ணல. என் தங்கச்சிக்கும் பண்ணல."

"ஏன்?"

"அவ மாட்டறாளான்னு பாக்கலாம்னு," என்றாள் வெர்னா.

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. வெளியே வந்தபோது கொலெட்டின் கார் நின்ற இடம் காலியாக இருந்தது. அம்மா மட்டும் படிக்கட்டில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெர்சி வண்டியைக் கொண்டுவந்தான். ஏறும்போது அம்மா, "என் வீட்ட வச்சாடி பாத்த?" என்றாள். அதில் 'ஷா' இல்லை.

ஸ்டெல்லியின் உரிமம் ரத்தாயிற்று. ஜாமீன் கம்பெனி மாநிலத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு மிஸ்டர் ஆல்சீட்டிடம் வந்து நின்றது. அவர் மீன்பிடிக் குடிலையும் படகையும் விற்றார். கள்ளச் சரக்கை மறுத்ததற்காகவும் உண்மையைச் சொன்னதற்காகவும் வெர்னாவின் பொறுப்பாளர் சான்றிதழைப் பறிக்காமல் விட்டார்கள்; தகவல் தராததற்காக ஒரு வருடம் எந்த உரிமத்திலும் அவள் பெயர் வரக்கூடாது என்றார்கள். அவள் ஒரு கால்நடை மருத்துவமனையில் முன்மேசை வேலைக்குப் போனாள். நாய்களுக்குப் பூச்சி மருந்து எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குக் கொலெட் சீக்கிரம் வந்து சீக்கிரம் போனாள், வெர்னா தாமதமாக வந்தாள். சீட்டாட்டம் நின்றுபோனது.

நவம்பரில் வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முன்னால் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது அந்த ஊர் வழக்கம். அப்பாவின் கல்லறைக்கு எப்போதும் நோலன்தான் அடிப்பான். அவன் கடலில் இருந்தான். அம்மா இரண்டு மகள்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்து ஒரே நேரத்தைச் சொல்லியிருந்தாள். இருவரும் வந்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கும்போது, அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "தூரிகை ரெண்டு இருக்கு. அப்பாவப் பாதி கறுப்பா விட்டுட்டுப் போறதுன்னா போங்க," என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள். பிறகு கல்லறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொலெட்டின் குரல் வந்தது.

"என்கிட்ட அப்படி என்னதான் இருந்துச்சு? புருஷன் விட்டுட்டு ஓடினவன். வாடகை வீடு. கடன் பேரு கெட்டுப்போய் அம்மாவ ஜாமீன் நிக்கவச்ச கடை. இதுல எதப் பாத்து உனக்கு எரிஞ்சுது?"

"நீ போனா எல்லாரும் கதவத் திறக்கறாங்க."

"தட்டறேன், திறக்கறாங்க. நீ தட்டவே மாட்ட. வெளிய நின்னு முறைப்ப."

வெர்னா தூரிகையை முக்கி எடுத்தாள். சுண்ணாம்பு கைவழியே வழிந்தது.

"அன்னிக்கு நான் தலைய ஆட்டிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள் கொலெட். "மடச்சி மாதிரி. எங்க அக்கா அப்படிச் செய்யமாட்டான்னு. எல்லாரும் பாத்தாங்க."

"நானும் பாத்தேன்."

"பாத்துட்டும் ஏன் சொன்ன? பொய்னு சொல்லிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"பாத்ததாலதான் சொன்னேன்."

கொலெட் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள், மூக்கெல்லாம் வெள்ளை. "உன்ன என் கடையில வேலைக்குச் சேத்துக்கமாட்டேன். அத இப்பவே சொல்லிடறேன்."

"நான் கேக்கல."

"அதான் நீ எதையும் கேக்கமாட்டியே!"

"ரெண்டு பேரும் வாயால அடிக்கறீங்களா, தூரிகையால அடிக்கறீங்களா?" என்றாள் அம்மா. "தலைமாட்டுப் பக்கம் விட்டுப்போச்சு பாரு ஷா." எந்த மகளைச் சொன்னாள் என்று தெரியவில்லை. இருவருமே எழுந்து போனார்கள்.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. கொலெட் கிறிஸ்துமஸுக்குப் பேசினாள், ஈஸ்டருக்குப் பேசாமல் இருந்தாள். வெர்னாவின் தடைக்காலம் முடிந்ததும் ஒபலூசாஸ் ஊரில் ஒரு சின்னக் கிடங்கு அவளைப் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டது. நேர்காணலில் பழைய கதையைக் கேட்டார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள். "கள்ளச் சரக்கு வந்தா இனி யாருக்கு வழி சொல்லுவீங்க?" என்று முதலாளி கேட்டார். "மாநில அலுவலகத்துக்கு," என்றாள். சேர்த்துக்கொண்டார். இப்போது அக்காவும் தங்கையும் ஒரே மருந்துக்கடைகளுக்கு விலை சொல்கிறார்கள். சில சமயம் அக்கா ஜெயிக்கிறாள், பல சமயம் தங்கை.

போன வசந்தத்தில் ஒருநாள் வெர்னா இறால் உரித்துக்கொண்டிருந்தபோது கொலெட்டிடமிருந்து போன் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குகள் மொத்தத்துக்கும் சப்ளை செய்யும் ஒப்பந்தம் அவளுக்குக் கிடைத்திருந்தது. அதற்கு வெர்னாவின் கிடங்கும் விலைப்புள்ளி கொடுத்திருந்தது. வெர்னா அதற்காக ஒரு மாதம் உழைத்திருந்தாள்.

வெர்னா இன்னொரு இறாலின் ஓட்டைப் பிய்த்தாள்.

"என்ன, ஒண்ணும் பேசக் காணோம்?" என்றாள் கொலெட்.

"வயிறு எரியுதுடி."

"தெரியும். அதுக்குத்தான் அம்மாவுக்குக்கூடச் சொல்லாம முதல்ல உனக்குப் பண்ணேன்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, மீதி இறாலை உரிக்கச் சொல்லிப் பெர்சியிடம் கிண்ணத்தைத் தள்ளினாள். அன்று ராத்திரியும் அவள் வயிற்றெரிச்சல் தணியவில்லை. ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.